இரும்பு விண்கல் சிற்பமா, காயலான் கடைச் சரக்கா?

கேள்வி: பிப்ரவரி 3, மாலை 6.15

வெளிநாட்டு ஏலப் பட்டியல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்புத் துண்டு. கீழே கறுப்புத் தாங்கி, பக்கவாட்டில் விளக்கொளி, ‘இயற்கை செதுக்கிய சிற்பம்’ என்று தலைப்பு. விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எங்கள் தெருமுனைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டால் ஒரு டீக்குத் தேறாது. வானத்திலிருந்து விழுந்துவிட்டது என்பதற்காக அழகு என்று ஒப்புக்கொள்ள வேண்டுமா? சிற்பி இல்லாமல் சிற்பம் எப்படி?

பிப்ரவரி 3, இரவு 10.40

விலைக்காக வாதாட நான் வரவில்லை. ஏலத்தில் எது எவ்வளவுக்குப் போகும் என்பது தனிக் கூத்து. அழகைப் பற்றி மட்டும் பேசலாம்.

என் மேசையில் சிக்கோத்தே-அலின் என்ற இரும்பு விண்கல்லின் துண்டு ஒன்று இருக்கிறது. ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் விழுந்தது. ஒரு பக்கம் முழுக்கக் குழிகள். பிடிகொழுக்கட்டையில் விரல் பதிந்த தடம் போல ஒன்றையொன்று ஒட்டி. குழிக்கும் குழிக்கும் நடுவே கூர்மையான மேடு. மறுபக்கம் சமதளம், அதன் விளிம்பில் உருகிய இரும்பு வழிந்து வந்து மடங்கி உறைந்த ஓர் உதடு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்த உதட்டருகே தலைமுடியைவிட மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடுகின்றன. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம்.

சிற்பி கட்டாயம் வேண்டும் என்றால், காற்று என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 4, காலை 7.20

நேற்று அவசரமாக எழுதினேன். காற்று என்று ஒரே சொல்லில் முடித்தால் பாதிக் கதைதான்.

1947 பிப்ரவரி 12, காலை பத்தரை மணி வாக்கில் சூரியனைவிடப் பிரகாசமான ஒரு தீப்பந்து வந்து சிக்கோத்தே-அலின் மலைக்காட்டின் மேல் உடைந்தது. இமான் என்ற ஊரில் மெத்வேதெவ் என்ற ஓவியர் வெளியே உட்கார்ந்து இயற்கைக் காட்சி வரைந்துகொண்டிருந்தார். கண்ணெதிரே தீப்பந்து போனதும் அதையே வரைந்துவிட்டார். அந்த ஓவியத்தைச் சோவியத் அரசு 1957இல், பத்தாம் ஆண்டு நினைவாக, அஞ்சல்தலையாக வெளியிட்டது. கல் வாங்கக் காசில்லாதவர்கள் அஞ்சல்தலையையாவது தேடலாம். அதுவும் அழகுதான், துருப்பிடிக்காது.

விழுந்த இடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளங்கள். பெரியது 26 மீட்டர் அகலம். கிடைத்ததிலேயே பெரிய துண்டு 1745 கிலோ. மரத்தில் பாய்ந்து நின்ற துண்டுகளும் உண்டு.

விஷயம் என்னவென்றால், அந்த ஒரே இரும்பிலிருந்து இரண்டு விதமான உருவங்கள் வந்தன. உயரத்திலேயே பிரிந்தவை தனித்தனியாகப் பறந்தன. மேற்பரப்பு உருக நேரம் கிடைத்தது. சுழலும் காற்று உருகியதை அள்ளிச் சென்ற இடமெல்லாம் குழி. இவற்றைத்தான் ரெக்மாக்ளிப்ட் என்கிறார்கள். கீழே வந்தபின் உடைந்தவையும் தரையில் மோதிச் சிதறியவையும் வேறு ஜாதி. குழி கிடையாது. கிழிந்து, முறுகி, வளைந்து, விளிம்பெல்லாம் ரம்பம். சேகரிப்பாளர்கள் இவற்றை ஷ்ராப்னெல் என்பார்கள், குண்டுச் சிதறல் என்ற பொருளில்.

முதல் வகைக்குத்தான் கிராக்கி. பட்டியலில் நீங்கள் பார்த்ததும் அதுவாகத்தான் இருக்கும். எனக்குப் பிடித்தது இரண்டாவது வகை.

பிப்ரவரி 4, காலை 7.35

“உள்ளே வரைக்கும் வெந்திருக்குமா” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. எரிந்து ஒளிர்வது சில நொடிகள்தான். உருகிய தோல் உடனுக்குடன் காற்றோடு போய்விடுகிறது, சூடு உள்ளே இறங்க அவகாசமே இல்லை. கறுப்புத் தோல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்குக் கீழே இருப்பது விண்வெளியில் குளிர்ந்து கிடந்த அதே இரும்பு.

பிப்ரவரி 6, இரவு 11.05

கிழிந்த துண்டு ஏன் பிடிக்கும் என்று கேட்டவருக்கு.

குழி விழுந்த துண்டில் நம் கண்ணுக்கு உடனே ஓர் ஒழுங்கு பிடிபட்டுவிடுகிறது. அழகாக இருக்கிறது என்று சொல்ல யோசிக்கவே வேண்டாம். கிழிந்த துண்டு அப்படி இல்லை. ஒரு பக்கம் பார்த்தால் ஒன்றுமில்லை. கொஞ்சம் திருப்பினால் முழு உலோகமும் ஒரு பக்கமாக இழுபட்டுக் கிழிந்த வேகம் தெரியும். இரும்பு இவ்வளவு சுலபமாக இழுபடுமா என்று தோன்றும்.

இதற்குக் காரணம் உண்டு. சிக்கோத்தே-அலின் இரும்பில் நிக்கல் ஆறு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. நிக்கல் குறைந்தால் கமசைட் என்ற இரும்புப் படிகம் பெரிதாக வளரும். இதில் படிகப் பட்டைகள் ஒரு சென்டிமீட்டரை நெருங்கும் அகலம். அவ்வளவு பெரிய படிகங்களுக்கு நடுவே சேர்மானம் பலவீனம். வளிமண்டலத்தில் நெருக்கடி வந்தபோது அந்தச் சேர்மானங்களில்தான் பிளந்தது. ஆக வெளியே தெரியும் உருவத்தில் பாதி எப்போதோ ஒரு சிறுகோளின் உள்ளே தீர்மானமாகிவிட்டது. காற்றைச் சிற்பி என்றேன். காற்றுக்கு முன்பே கல்லில் கோடு போட்டு வைத்த இன்னொருவர் இருக்கிறார்.

சரி, சிற்பி எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டே போகலாம் போலிருக்கிறது.

பிப்ரவரி 7, மதியம் 1.10

மூன்றாவது சிற்பி: மழை.

நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வில்லமெட் விண்கல் இருக்கிறது. பதினைந்தரை டன். படம் பார்த்திருப்பீர்கள், உடம்பெல்லாம் பொந்துகள், சில பொந்துகளில் சிறுவர்கள் ஏறி உட்காரலாம். 1911இல் அப்படி இரண்டு பையன்கள் உட்கார்ந்திருக்கும் புகைப்படமே உண்டு. உலகத்தில் இதைவிடச் சிற்பம் மாதிரியான விண்கல் இருக்கிறதா என்று தெரியவில்லை. ‘வானத்துத் தீ குடைந்த குகைகள்’ என்று பலரும் உருகுவார்கள்.

தீ குடையவில்லை. அந்தக் கல்லில் ட்ராய்லைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் கட்டி கட்டியாக இருந்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநில ஈரக் காட்டில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்தபோது மழைநீரும் கந்தகமும் சேர்ந்து கந்தக அமிலமாகி, மெல்ல மெல்ல இரும்பைத் தின்றது. நாம் ரசிக்கும் அத்தனை பொந்தும் பூமியின் கைவேலை.

இது தெரிந்தபின் அழகு குறைந்ததா? எனக்குக் கூடியது. ஏலப் பட்டியல் எழுதுகிறவர்களுக்குத்தான் இது சங்கடம். விண்வெளி என்ற சொல்லை வைத்துத்தானே அவர்கள் பிழைப்பு.

இதன் பின்கதையும் கேட்க வேண்டியது. 1902இல் எல்லிஸ் ஹியூஸ் என்பவர் பக்கத்து நிலத்தில் இதைக் கண்டார். நிலம் ஓர் இரும்பு எஃகு நிறுவனத்துடையது. மனிதர் யாருக்கும் சொல்லாமல் மகனையும் ஒரு குதிரையையும் வைத்துக்கொண்டு, மரவண்டி கட்டி, மாதக்கணக்கில் இழுத்துத் தன் நிலத்துக்குக் கொண்டுவந்து, கொட்டகை போட்டு ஆளுக்கு 25 சென்ட் வசூலித்தார். நிறுவனம் வழக்குப் போட்டது. 1905இல் ஆரிகன் உச்ச நீதிமன்றம் கல் நிலத்துக்காரருக்கே என்று தீர்ப்பளித்தது. பதினைந்து டன்னைத் திருடிக்கொண்டு போனவரை நினைத்தால் கோபத்தைவிட மரியாதைதான் வருகிறது.

பிப்ரவரி 7, மதியம் 1.30

மேலே ஒரு முக்கியமான ஆளை விட்டுவிட்டு முடிக்க மனமில்லை. ஹியூஸ் ‘கண்டார்’ என்பது நீதிமன்ற மொழி. அந்தப் பகுதியின் பழங்குடிகளான கிளாக்கமாஸ் மக்கள் அதற்கு முன்பே அதை டொமானோவோஸ் என்று வணங்கிவந்தார்கள். பொந்துகளில் தேங்கும் மழைநீர் அவர்களுக்குப் புனிதம். 2000ஆம் ஆண்டு அருங்காட்சியகத்தோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டு, ஆண்டுதோறும் வந்து அங்கேயே சடங்கு நடத்துகிறார்கள்.

அருங்காட்சியகம் அதற்கு முன்பே அதன் தலைப்பகுதியில் ஒரு துண்டை வெட்டி, செவ்வாய்க் கோளிலிருந்து வந்த கல் ஒன்றுக்குப் பண்டமாற்றாகத் தனியார் சேகரிப்புக்குக் கொடுத்திருந்தது. 2007இல் அந்தத் துண்டு நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. எதிர்ப்பும் வந்தது. எதிர்பார்த்த விலைக்கு யாரும் கேட்காததால் விற்காமல் திரும்பியது. சிற்பத்தின் தலையில் ஒரு சீவல் எடுத்து விற்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ.

பிப்ரவரி 9, இரவு 9.50

“நம்ம ஊர்ப் பக்கம் எதுவும் விழவில்லையா?”

கொடைக்கானல். 1898இல் பழனி மலையில் கிடைத்த சுமார் 16 கிலோ இரும்பு விண்கல். உலக அறிவியல் பட்டியலில் கொடைக்கானல் என்றே பெயர். ஆய்வாளர்களுக்கு அது தங்கம். இரும்புக்குள் சிலிக்கேட் என்ற பாறைக் கனிம மணிகள் பொதிந்த அரிய வகை. இரும்பு விண்கற்கள் பெரும்பாலும் 450 கோடி ஆண்டுகளை ஒட்டியவை. இதன் சிலிக்கேட்டின் வயது சுமார் 370 கோடி. நடுவில் ஏதோ மோதலில் மறுபடி உருகிக் கலந்திருக்க வேண்டும். வெட்டி மெருகேற்றிய துண்டின் படத்தில் வெள்ளி நிற உலோகத்துக்கு நடுவே கறுப்புத் திட்டுகள் சிதறிக் கிடக்கும். அதன் அழகு உள்ளேதான்.

இந்தியாவில் விழுவதெல்லாம் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திடம் சேர வேண்டும், கொல்கத்தாவில் பெரிய சேகரிப்பு இருக்கிறது. எனவே தோட்டத்தில் ஏதாவது விழுந்தால் இங்கே படம் போட்டு விலை கேட்காதீர்கள்.

பிப்ரவரி 9, இரவு 10.15

இந்திய இரும்பு என்றதும் ஜஹாங்கீர். 1621 ஏப்ரலில் ஜலந்தர் அருகே விழுந்த இரும்பைத் தோண்டியெடுத்து அவரிடம் கொண்டுபோனார்கள். தாவூத் என்ற கொல்லரிடம் கொடுத்து வாள் அடிக்கச் சொன்னார். தனியாக அடித்தால் சம்மட்டிக்குத் தாங்காமல் உதிர்ந்தது. பிறகு மூன்று பங்கு விண்ணிரும்பு, ஒரு பங்கு சாதா இரும்பு என்று கலந்து அடித்து, இரண்டு வாள், ஒரு கத்தி, ஒரு குத்துவாள் செய்தார்கள். இதையெல்லாம் மன்னரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கத்தி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஃப்ரீர் கலைக்கூடத்தில் இருக்கிறது.

அழகான கத்தி. ஆனால் விழுந்த உருவம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கோட்டுப்படம்கூட இல்லை. உருவத்தைப் பற்றி அவருக்கு அக்கறையில்லை, பொருள்தான் வேண்டியிருந்தது. விண்ணிரும்பை மனிதர் பார்த்த விதம் நெடுங்காலம் அதுதான். எகிப்து மன்னர் துட்டன்காமூனின் குத்துவாளும் அந்த வழியில் வந்ததே. கிரீன்லாந்தில் இனூயிட் மக்கள் கேப் யார்க் விண்கல்லிலிருந்து சில்லு தட்டிக் கத்தி முனை செய்தார்கள். அமெரிக்காவின் டூசான் நகரத்தில் வளையமாக இருந்த விண்கல்லைக் கொல்லர் பட்டறையில் பட்டடைக் கல்லாகவே வைத்திருந்தார்கள். நடுவில் துளையோடு அறுநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வளையம்! இன்று அது ஸ்மித்சோனியனில் சிற்பம் போல நிற்கிறது.

பிப்ரவரி 12, காலை 6.45

இன்றைக்குத் தேதி 12. சிக்கோத்தே-அலின் பிறந்தநாள். துண்டை எடுத்துத் துடைத்து எண்ணெய் பூசினேன்.

பிப்ரவரி 12, இரவு 10.30

எண்ணெய் என்றதும் மூன்று பேர் பராமரிப்பு பற்றிக் கேட்டுவிட்டார்கள்.

நான் சென்னையில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இரும்பு விண்கல் வைத்துக்கொள்ள இதைவிட மோசமான ஊர் கிடையாது. அர்ஜென்டினாவின் காம்போ தெல் சியெலோ துண்டு ஒன்று வாங்கினேன். விற்றவர் “நிலையாக்கப்பட்டது, துருப்பிடிக்கவே பிடிக்காது” என்றார். வந்தபோது பளபளவென்று இருந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் விரிசல்களில் சின்னச் சின்னப் பழுப்புத் துளிகள் துளிர்த்தன. தொட்டால் ஈரம். துடைத்தால் மறுநாள் அதே இடத்தில் மறுபடி. சில வாரத்தில் ஓரத்திலிருந்து ஒரு செதில் தானாகக் கழன்று விழுந்தது.

காரணம் குளோரைடு. கல் மண்ணில் கிடந்த காலத்தில் நிலத்தடி நீரோடு உள்ளே போய் விரிசல்களில் உட்கார்ந்துகொள்கிறது. வெளியே எவ்வளவு மெருகேற்றினாலும் அது உள்ளே இருக்கும். ஈரக்காற்று பட்டால் மறுபடி வேலையைத் தொடங்கும். காம்போ நாலாயிரம் ஐயாயிரம் ஆண்டுகளாக மண்ணில் கிடந்தது. சிக்கோத்தே-அலின் மண்ணில் இருந்தது சில மாதமோ சில பத்தாண்டோதான். என் இரண்டு துண்டும் ஒரே அலமாரியில் இருக்கும்போது ஒன்று அழுகிறது, ஒன்று சும்மா இருக்கிறது.

காம்போவைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு அடைத்துவிட்டேன். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் வறுத்து மறுபடி போடுவேன். வீட்டில் அந்த வாணலியைத் தனியாக ஒதுக்கச் சொல்லிவிட்டார்கள்.

டப்பாவில் அடைத்த சிற்பத்தை ரசிப்பது எப்படி என்று கேட்காதீர்கள்.

பிப்ரவரி 13, காலை 8.00

மேலே எழுதியதில் ‘பளபளவென்று’ என்ற சொல்லை மறுபடி படித்தேன். அங்கேதான் என் உண்மையான புகார்.

காம்போ மண்ணிலிருந்து வரும்போது துருவேறிய பழுப்புக் கட்டி. கம்பித் தூரிகையை மின்துளைப்பானில் மாட்டித் தேய்த்துத்தான் வெள்ளி நிறம் கொண்டுவருகிறார்கள். சிக்கோத்தே-அலின் துண்டுகளும் விதிவிலக்கல்ல. பிற்காலத்தில் தோண்டியெடுத்தவற்றில் பெரும்பாலானவை துரு நீக்கப்பட்டவை. அதோடு நீலங்கலந்த சாம்பல் நிறத் தோலும் போய்விடும். என் துண்டிலும் அந்த அசல் தோல் ஓர் ஆழமான குழியின் அடியில்தான் மிச்சம்.

எந்தத் துண்டைத் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு தேய்ப்பது, எந்த முகத்தை முன்னே வைத்துத் தாங்கி செய்வது, விளக்கு எந்தப் பக்கம் — இதெல்லாம் மனிதக் கை. ‘இயற்கை செதுக்கியது’ என்ற பட்டியல் வாக்கியத்தில் கேள்வி கேட்டவருக்கு வந்த எரிச்சல் நியாயமானது. மறைக்காமல் சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை. சீனத்தில் அறிஞர்கள் மேசையில் வைக்கும் கற்களுக்கு மெலிவு, சுருக்கம், துளை, ஊடுருவல் என்று வெளிப்படையாக இலக்கணமே வைத்திருந்தார்கள். மரத்தாங்கி செய்பவர் தனிக் கலைஞர். தேர்வும் கலைதான் என்று அங்கே ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்கள்.

பிப்ரவரி 15, இரவு 11.40

“அறுத்தால் உள்ளே கோலம் தெரியுமாமே, ஏன் அறுக்கவில்லை?”

விட்மான்ஸ்டாட்டன் அமைப்பு. 1808இல் வியன்னாவில் விட்மான்ஸ்டாட்டன் பிரபு ஒரு விண்கல் சீவலைத் தீயில் காட்டியபோது வெவ்வேறு நிறமாகப் பட்டைகள் தெரிந்தன. நேப்பிள்ஸில் இருந்த தாம்சன் என்ற ஆங்கிலேயர் அதற்குச் சில ஆண்டு முன்பே அமிலத்தில் அதைப் பார்த்துவிட்டார், பெயர் மட்டும் பிரபுவுக்குப் போனது. இப்போது நைட்ரிக் அமிலத்தை ஆல்கஹாலில் கலந்து தடவுகிறார்கள். நிக்கல் குறைந்த கமசைட்டை அமிலம் அரிக்கும், நிக்கல் மிகுந்த டேனைட் என்ற இன்னொரு படிகம் நிமிர்ந்து நிற்கும். ஒன்றையொன்று வெட்டும் பட்டைகள் மேலெழுந்து வரும்.

சிறுகோளின் மையத்தில் பத்து லட்சம் ஆண்டுக்குச் சில டிகிரி, வேகமாகப் போனாலும் சில ஆயிரம் டிகிரி என்று ஆறினால்தான் அந்தப் பட்டைகள் வளரும். பட்டறையில் அந்த அளவுக்கு யாராலும் செய்ய முடியாது.

அறுப்பது எனக்கு ஒப்புதலே, முகமில்லாத கல்லாக இருந்தால். நமீபியாவின் கிபியன், சுவீடனின் முவோனியோனாலுஸ்டா ஆகிய விண்கற்கள் இரண்டிலும் பட்டைகள் மெல்லியவை, சீவல் பிரமாதமாக இருக்கும். சிக்கோத்தே-அலினை அறுப்பது வீண். பட்டைகள் அவ்வளவு அகலம் என்பதால் சின்னச் சீவலில் எந்தக் கோலமும் தெரியாது. முகத்தையும் கெடுத்து, உள்ளேயும் ஒன்றும் கிடைக்காமல் போகும்.

நமீபியாவின் ஹோபா கல்லில் நிக்கல் 16 விழுக்காடு. அதில் கண்ணுக்குத் தெரியும் கோலமே கிடையாது. அறுபது டன், உலகிலேயே பெரியது. 1920இல் உழும்போது அகப்பட்டது. இன்றைக்கும் கிடைத்த இடத்திலேயே கிடக்கிறது, சுற்றிப் படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 16, மாலை 5.25

கிபியன் பற்றிக் கேட்டவருக்கு: நமீபியாவில் அது சட்டப் பாதுகாப்பில் உள்ளது, வெளியே கொண்டுபோகத் தடை. வின்ட்ஹுக் நகரின் கடைவீதியில் கிபியன் கட்டிகளைத் தூண்கள் மேல் வைத்து நீரூற்று அமைத்திருக்கிறார்கள். பழைய சேகரிப்புகளிலிருந்து வருவது வேறு. விற்பவரிடம் எப்போது வெளியே வந்தது என்று கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். அர்ஜென்டினாவும் 2007இல் விண்கற்களைப் பண்பாட்டுச் சொத்தாகச் சட்டம் செய்தது.

அர்ஜென்டினா என்றதும் 2012. ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமெண்டா கலைக் கண்காட்சிக்கு, காம்போவின் மாபெரும் கட்டியான எல் சாக்கோவையே கப்பலில் கொண்டுபோக இரண்டு அர்ஜென்டினக் கலைஞர்கள் திட்டமிட்டார்கள். இந்த இழையின் தலைப்புக் கேள்விக்கு இதைவிடப் பெரிய சோதனை இருக்க முடியாது: பல டன் இரும்பை, ஒரு கை படாமல், கலை என்று மண்டபத்தில் வைப்பது. அந்த நிலத்தின் மொகோயிட் மக்கள் எதிர்த்தார்கள். கல் போகவில்லை.

எனக்கு இதில் இரண்டு மனம். ஒரு பக்கம், அதைக் காசெலில் பார்த்திருந்தால் கேள்வி கேட்டவரைப் போன்ற ஆயிரம் பேர் வாயடைத்திருப்பார்கள். இன்னொரு பக்கம், ஒரு ஊரின் சாமியைக் கண்காட்சிக்கு அனுப்புங்கள் என்றால் நாம் அனுப்புவோமா? இன்றைக்கு இரண்டாவது பக்கம்தான் கனக்கிறது.

பிப்ரவரி 18, காலை 7.10

கேள்வி கேட்டவர் தனிமடலில் “சின்னதாக ஒன்று வாங்கிப் பார்க்கிறேன், எதை?” என்று கேட்டிருக்கிறார். இங்கேயே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் ஆகும்.

சிக்கோத்தே-அலின் ஷ்ராப்னெல், சின்னது. குழி விழுந்ததைவிட விலை குறைவு, நம் ஊர் ஈரத்துக்கும் ஓரளவு தாங்கும். காந்தம் ஒட்டுகிறதே என்று நம்பி வாங்காதீர்கள், உருக்காலைக் கசடிலும் ஒட்டும். உடைந்த முகத்தில் காற்றுக் குமிழித் துளைகள் இருந்தால் அது கசடு. இரும்பு விண்கல்லில் குமிழி இருக்காது. பளபளப்பான படத்தைவிட, தேய்க்காத பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். தாங்கி வேண்டாம். முதலில் கொஞ்ச நாள் மேசையில் உருட்டிவிட்டு, எந்தப் பக்கமாக நிற்க விரும்புகிறது என்று பாருங்கள். அப்புறம், கையுறை போடாமல் தொட்டால் உடனே துடைத்துவிடுங்கள், வியர்வையிலும் உப்பு இருக்கிறது.